உப்பும் மணலும் தாங்க வேண்டும்: குறைந்த விலை ஹோமேஜ் டைவர் வாட்ச் வாங்குகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் கறுப்பும் சிவப்பும் கலந்து கிடக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், கூடவே சிர்கான், ரூட்டைல், மோனசைட். இவற்றைப் பிரித்தெடுக்கத்தான் மத்திய அரசின் கனிம நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.இன் ஆலை அங்கே இருக்கிறது. கையில் வாட்ச் கட்டுகிறவர் இந்த மணலைப் பற்றி வேறொரு கணக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். எது எதைக் கீறும் என்று சொல்கிற மோஸ் கடினத்தன்மை அளவில் சாதாரண மினரல் கண்ணாடி 5க்கும் 6க்கும் இடையில் நிற்கும். குவார்ட்ஸ் மணல் 7. கார்னெட்டும் ஏறக்குறைய அதே அளவு. சிர்கான் 7.5. சஃபையர் கண்ணாடி 9. ஆக, நம்ம ஊர் மணல் மினரல் கண்ணாடியைக் கீறும், சஃபையரிடம் தோற்கும். பளபளப்பாகத் தேய்த்த எஃகையும் கண்ணாடியைச் சுற்றித் திரும்புகிற அலுமினிய வளையமான பெசலையும் அது விட்டுவைக்காது.

கடலில் முங்குகிறவர்களுக்கான பிரபல வாட்ச்சுகளின் சாயலில் சின்ன கம்பெனிகள் விற்கிற ஹோமேஜ் டைவர் வாட்ச்சைப் பற்றி யார் பேசினாலும் டயல் நிறத்தில் தொடங்கி முள்ளின் வடிவத்தில் முடித்துவிடுகிறார்கள். அழகான டயல் செய்வது இன்று மலிவான வேலை. நூறு டாலர் வாட்ச்சிலும் நன்றாகவே வருகிறது. காசு செலவாக வேண்டியது தண்ணீர் உள்ளே போகக்கூடிய மூன்று வாசல்களில்: கண்ணாடியின் விளிம்பு, பின்மூடி, கிரவுனின் (சாவி கொடுக்கிற குமிழின்) தண்டு நுழைகிற குழாய். குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ தேங்காப்பட்டணத்திலோ தினமும் உப்புக்காற்றில் நிற்கிறவர் இந்த மூன்றையும் பார்த்த பிறகு டயலைப் பார்த்தால் போதும்.

ஹோமேஜ் என்றால் என்ன என்பதில் குழப்பம் வேண்டாம். பிளாங்பெய்ன் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் 1953இல் வந்தது. ரோலெக்ஸ் சப்மரைனர் 1954 பேசல் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டது. சீகோவின் 62மாஸ் 1965. இந்த மூன்றின் சாயலில்தான் இன்றைய டைவர் வாட்ச்சுகளில் பெரும்பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாயலை எடுத்துக்கொண்டு, டயலில் தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்பது ஹோமேஜ். அடுத்தவன் பெயரையும் முத்திரையையும் போட்டு விற்பது கள்ளச்சரக்கு. இந்தியாவில் பதிவு செய்த ஒரு வடிவமைப்புக்குப் பாதுகாப்பு 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. வர்த்தக முத்திரைக்கோ 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் முடிவே கிடையாது. அதனால் டயலில் பெயரே இல்லாமல் வருகிற வாட்ச்சை வாங்கி, பிறகு பிரபல முத்திரை ஒட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சுங்கத்தில் பிடிபட்டால் வாட்ச்சும் போகும், கொடுத்த காசும் போகும்.

இனி ஆழக் கணக்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும். டயலில் 200 மீட்டர் என்றால் 20 பார். ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தரம் டைவர் வாட்ச்சுக்கென்றே எழுதப்பட்டது. அது சொன்ன ஆழத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக, 200 மீட்டர் வாட்ச்சை 25 பார் வரை, ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்கிறது. உப்புநீரில் 24 மணி நேரம் ஊறவைப்பது, இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் நேரம் தெரிவது, பட்டை 200 நியூட்டன் இழுவிசையைத் தாங்குவது எல்லாம் அதிலே உண்டு. இந்தத் தரத்தில் தேறிய வாட்ச்சில் 'டைவர்ஸ்' என்ற சொல் ஆழத்தோடு சேர்ந்து இருக்கும். வெறுமனே '200 மீட்டர்' என்று மட்டும் இருந்தால் அது பொதுவான நீர்காப்புத் தரத்தைச் சேர்ந்தது, அங்கே சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும். குறைந்த விலை ஹோமேஜ்களில் அதிகம் பார்ப்பது இரண்டாவது வகை. அதற்காக அது மோசம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் கைக்கு வருகிற அந்த ஒரு வாட்ச்சை யாரும் சோதிக்காமலும் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ஒவ்வொரு வாட்ச்சையும் அழுத்தத்தில் சோதிக்கிறீர்களா, எத்தனை பாரில், தண்ணீரிலா காற்றிலா?

கையை வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்காகும், அதனால் 50 மீட்டர் வாட்ச்சோடு குளத்தில்கூட இறங்கக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை தண்ணீரில் அடித்தால் கூடுகிற அழுத்தம் 0.125 பார், அதாவது ஒன்றேகால் மீட்டர் ஆழம். திற்பரப்பு அருவியில் 50 அடி உயரத்திலிருந்து தண்ணீர் நேராக வாட்ச் மேல் விழுந்தாலும் அது 15 மீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது. குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் மூச்சடக்கிப் பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறவர்களுக்கும் 200 மீட்டர் வாட்ச் தாராளம். வாட்ச்சுக்குள் தண்ணீர் போவது ஆழத்தால் அல்ல, அநேகமாக மூன்று காரணங்களால்: கிரவுனைத் திருகி மூடாதது, காய்ந்து போன ரப்பர் வாஷர், திடீர் வெப்பமாற்றம்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. மே மாத வெயிலில் பைக்கில் வந்தவரின் வாட்ச் 45 டிகிரிக்குச் சூடாகியிருக்கும். அப்படியே 25 டிகிரித் தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் 6 சதவீதம் அளவுக்குக் குறையும். வாஷர் பலவீனமாக இருந்தால் அந்தக் குறைவே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் நிழலில் வைத்தால் போதும்.

கிரவுனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டைவர் வாட்ச்சில் சாவி கொடுக்கிற குமிழ் திருகி மூடும் வகையாக இருக்கும். கேஸில், அதாவது வாட்ச்சின் உலோக உடலில், பதித்த குழாயின் வெளியே மரை, கிரவுனுக்குள் அதற்கேற்ற மரை, இரண்டுக்கும் இடையே ரப்பர் வளையம். மலிவான வாட்ச்சில் முதலில் போவது இந்த மரைதான். மூடும்போது நேராக அழுத்தித் திருகினால் மரை குறுக்கே ஏறிக் கெட்டுவிடும். முதலில் லேசாக அழுத்தி எதிர்த்திசையில் அரைச் சுற்று கொடுங்கள். மரை தன் இடத்தில் விழுகிற ஒரு சின்ன உணர்வு விரலில் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் திருகுங்கள். மூன்று சுற்றாவது மென்மையாகப் போக வேண்டும். ஒரு சுற்றிலேயே இறுகி நின்றால் மரை சரியில்லை, அல்லது உப்பு உறைந்திருக்கிறது. இறுகிய பிறகும் பலம் காட்டாதீர்கள். ரப்பர் நசுங்கித் தட்டையானால் அடுத்த முறை அது மீண்டும் எழுந்து நிற்காது. வாட்ச் வாங்கிய முதல் வாரத்தில் இதை இருபது முறை செய்து பார்த்தால் அதன் குணம் கைக்குப் பழகிவிடும். தண்ணீருக்குள் இருக்கும்போது கிரவுனைத் தொடவே கூடாது.

உள்ளே ஓடுகிற மெஷின். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் சொல்கிற சொல் இதுதான், நானும் அதையே எழுதுகிறேன். 100 முதல் 250 டாலர் வரையிலான ஹோமேஜ்களில் அதிகம் காண்பது சீகோ குழுமத்தின் என்.எச்.35. மணிக்கு 21,600 துடிப்பு, உராய்வைக் குறைக்கிற 24 கல், முழுதாகச் சாவி ஏறினால் 41 மணி நேரம் ஓடும். நாளொன்றுக்கு 20 நொடி குறைவதிலிருந்து 40 நொடி கூடுவது வரை கம்பெனி கணக்கிலேயே சரி. அதைக் கண்டு பயப்பட வேண்டாம், சீராக்கினால் பத்து நொடிக்குள் நிற்கிறவை நிறைய உண்டு. சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215உம் ஏறக்குறைய இதே விலைப் படிதான். அதன் பழைய வகையில் கிரவுனை இழுத்தால் நொடிமுள் நிற்காது, கை அசைவில் சுழன்று சாவி ஏற்றுகிற ரோட்டர் ஒரு பக்கம் சுற்றும்போது மட்டுமே சாவி ஏறும், மறுபக்கம் சும்மா சுழல்கிற ஓசை கேட்கும். மியோட்டா 9015 மணிக்கு 28,800 துடிப்பு, தடிப்பு 3.9 மி.மீ. மட்டும். என்.எச்.35 5.32 மி.மீ. தடிப்பு என்பதால் அது இருக்கிற வாட்ச்சின் தடிப்பு 13 மி.மீ. பக்கம் வந்துவிடும். செல்லிட்டா எஸ்.டபிள்யூ.200 என்ற சுவிஸ் மெஷின் போட்ட ஸ்டைன்ஹார்ட் கம்பெனி வாட்ச் போன்றவை இன்னும் ஒரு படி மேலே.

இந்த மாவட்டத்தில் இருக்கிறவருக்கு நான் என்.எச்.35ஐயே சொல்வேன். அழகு காரணமல்ல. உப்புநீர் உள்ளே போன மெஷினைப் பிரித்துக் கழுவிச் சரிசெய்கிற செலவில் புதிய என்.எச்.35 ஒன்றே போட்டுவிடலாம். டயலின் கால், முள்ளின் துளை, தண்டு எல்லாம் அப்படியே பொருந்தும். நாகர்கோவிலில் ஆட்டோமேட்டிக் வாட்ச் திறந்து பழகிய எந்த மெக்கானிக்கும் ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுப்பார். பழைய தண்டு துருப்பிடிக்காமல் இருந்தால் கிரவுனோடு அதையே மாட்டலாம். துருப்பிடித்திருந்தால் புதுத் தண்டை அதே நீளத்துக்கு வெட்ட வேண்டும், அளவுக்காகப் பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

தேதி இல்லாத டயல் வாங்குகிறவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே என்.எச்.38 இருந்தால் தேதிக் கருவியே கிடையாது. என்.எச்.35ஐ வைத்து டயலில் மட்டும் ஜன்னலை மறைத்திருந்தால், கிரவுனை இழுக்கும்போது தேதிக்கான ஒரு வெற்றுப் படி நடுவில் வரும். கெடுதல் இல்லை, ஆனால் விற்பவர் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். தேதி இருக்கிறவர்கள் இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 4 வரை தேதியைத் திருகக் கூடாது. அந்த நேரத்தில் பல்சக்கரம் தேதித் தட்டோடு கோத்திருக்கும், திருகினால் பல் உடையும்.

அளவுக்கு விட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 40 மி.மீ. என்று எழுதியிருந்தாலும், பட்டை மாட்டுகிற மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரை 47 மி.மீ. இருந்தால் ஒரு பொருத்தம், 51 இருந்தால் இன்னொன்று. மணிக்கட்டின் மேல்பக்கத் தட்டையான பகுதியை ஸ்கேல் வைத்து அளந்து, கொம்பு நீளம் அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை அகலம் 20 அல்லது 22 மி.மீ. என்றால் மாற்றுப்பட்டை எங்கேயும் கிடைக்கும். 19, 21 என்றால் தேடி அலைய வேண்டும்.

பெசல் இடப்பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும். முங்குகிறவர் முக்கோணக் குறியை நிமிடமுள்ளுக்கு நேரே வைத்துவிட்டு இறங்குவார். எதிலாவது இடித்துப் பெசல் நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகக் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாது, சீக்கிரமே மேலே வந்துவிடுவார். ஒரு முழுச் சுற்றுக்கு 120 கிளிக் வழக்கம். நம்ம மணல் பெசலுக்கும் கேஸுக்கும் இடையே புகுந்துகொண்டால் கிளிக் மழுங்கும், பிறகு இறுகி நிற்கும். அப்போது எண்ணெய் விடாதீர்கள், எண்ணெய் மணலைப் பிடித்து அரைக்கிற பசையாக்கிவிடும். கிரவுன் மூடியிருப்பதை உறுதிசெய்து, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு மென்மையான பிரஷ்ஷால் விளிம்பைத் தேய்த்தபடி பெசலை முழுதாக நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். செராமிக் பெசல் கீறாது, ஆனால் பாறையில் பட்டால் விரிசல் விடும். அலுமினியத்தில் கீறல் விழும், விரிசல் விழாது, மாற்றுவதும் சுலபம். படகு வேலை பார்க்கிறவருக்கு அலுமினியமே நல்லது என்பது என் எண்ணம்.

கடைகளில் 'ரேடியம்' என்று கேட்டால்தான் புரிகிற ஒளிப்பூச்சில் இன்று ரேடியம் எதுவும் இல்லை, ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். அதில் சி3 என்ற வகை பச்சையாக ஒளிரும், பி.ஜி.டபிள்யூ.9 நீலமாக. எதுவானாலும் டார்ச்சை அரை நிமிடம் அடித்துவிட்டு, அடித்தவுடன் மின்னுவதை நம்பாமல், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து முள் தெரிகிறதா என்று பாருங்கள்.

எஃகு 316எல் போதும். அதில் இருக்கும் மாலிப்டினம் உப்பின் குளோரைடு போடுகிற சிறு குழிகளைத் தடுக்கும். 904எல் என்ற உயர்வகை எஃகு என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசைப் பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கம்பியில் போடுங்கள். வாட்ச் கடலில் தொலைவது பெரும்பாலும் அந்தக் கம்பி துருப்பிடித்து முறிவதால்தான். 1.5 மி.மீ.க்குப் பதில் 1.8 மி.மீ. கம்பி, கொம்பில் ஊடுருவித் துளையிட்ட கேஸ் என்றால் இன்னும் நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வள்ளத்தில் போகிறவர்கள் நேட்டோ நைலான் பட்டை கட்டினால் ஒரு கம்பி முறிந்தாலும் மற்றக் கம்பியில் வாட்ச் தொங்கும்.

விலையைப் பார்க்கும்போது சுங்கத்தை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். வாட்ச் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டி அதன் மேல் அடிப்படைச் சுங்கம், இரண்டையும் கூட்டிய தொகையின் மேல் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. சொந்த உபயோகத்துக்கு வருகிற பார்சல் சுங்க அட்டவணையில் 9804 என்ற தலைப்பில் வரும். பட்ஜெட்டில் இந்த விகிதம் மாறுவதுண்டு, ஆர்டர் போடுகிற நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூரியர் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணமும் கேட்கும். பரிசு என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி வராது என்பது பழைய கதை, 2019 டிசம்பரில் அந்தச் சலுகை போய்விட்டது. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். வழியில் தொலைந்தால் எழுதிய விலைதான் கிடைக்கும். கே.ஒய்.சி.க்குக் கொடுக்கிற ஆதாரில் இருக்கும் பெயரும் பார்சலில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

உத்தரவாதம் பற்றியும் அப்போதே கேளுங்கள். பழுதான வாட்ச்சை வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்புவது செலவும் அலைச்சலும். அதைவிடக் கிரவுன், குழாய், வாஷர், பெசல் தட்டு ஆகியவற்றைத் தனியாக விற்கிறார்களா, வாஷரின் அளவு சொல்வார்களா என்பதுதான் நமக்கு உதவும். இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வராத கம்பெனியிடம் வாங்காதீர்கள்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் தாளை உரிக்கும் முன் பெசல் குறி 12க்கு நேரே நிற்கிறதா, இரண்டு முள்ளும் 12இல் ஒன்றாகச் சேர்கின்றனவா, டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 20 சுற்று சாவி கொடுத்து ஓடவிடுங்கள். மெக்கானிக்கிடம் வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கிற டைம்கிராஃபர் கருவி இருந்தால் என்.எச்.35க்கு லிஃப்ட் கோணம் 53 என்று வைக்கச் சொல்லுங்கள். முழுச் சாவியில் டயல் மேலே பார்க்க வைத்து, உள்ளே ஆடுகிற பாலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 250 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்ல மெஷின். திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடத் தொடங்கினால் காந்தம் ஏறியிருக்கும், மொபைல் உறையில் இருக்கும் காந்தமே போதும். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடிகளில் சரியாகும்.

கடலில் இறக்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். கடையில் இருக்கும் அழுத்தக் குடுவையில் கீழே தண்ணீர், மேலே காற்று. வாட்ச்சைக் காற்றில் தொங்கவிட்டு அழுத்தம் ஏற்றிச் சில நிமிடம் விட வேண்டும். கசிவு இருந்தால் காற்று உள்ளே போயிருக்கும். பிறகு வாட்ச்சைத் தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தை மெதுவாகக் குறைக்கும்போது கசிகிற இடத்திலிருந்து குமிழி வரிசையாக வரும். குமிழி கண்டால் உடனே வாட்ச்சைத் தண்ணீரைவிட்டுத் தூக்க வேண்டும். உள்ளே அழுத்தம் அதிகமாக இருக்கும்வரை தண்ணீர் நுழையாது, தாமதித்தால் நுழையும். செய்கிறவருக்கு இந்த வரிசை தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கருவி இல்லாவிட்டால், வாட்ச்சைக் கைச்சூடு தாண்டி 40, 45 டிகிரிக்குக் கொண்டுவந்து கண்ணாடி மேல் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். உள்பக்கம் பனி படிந்திருந்தால் உள்ளே ஏற்கெனவே ஈரம் இருக்கிறது.

ஆனி, ஆடிச் சாரலில் மூடியைத் திறக்கக் கொடுக்காதீர்கள். திறந்த மேசையில் பிரித்து மூடினால் அந்த ஈரக்காற்றும் உள்ளே அடைபடும், ஏசி பஸ்ஸில் ஏறியதும் கண்ணாடி மங்கும். அவசரம் என்றால் ஏசி ஓடுகிற அறையில் மூடச் சொல்லுங்கள். மூடும்போது வாஷரில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிய படலமாக இருக்க வேண்டும், ஒரு முடி இழை கூடக் குறுக்கே கிடக்கக் கூடாது. கடலில் தொடர்ந்து இறங்குகிறவர் ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எல்லா வாஷரும் மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடலோரக் கிணறுகள் சிலவற்றில் உப்பு இருக்கும், அங்கே குழாயில் வருகிற குடிதண்ணீர் ஒரு டம்ளர் போதும். கழுவும்போது பெசலை ஒரு சுற்றுச் சுற்றி, கிரவுனுக்கும் கேஸுக்கும் இடையே இருக்கும் இடுக்கில் தண்ணீர் ஓடவிட்டு, துணியால் ஒற்றி நிழலில் காயவையுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகே கிரவுனைத் திருகித் திறக்க வேண்டும்.